கம்ப்யூட்டர் டவுட்டுக்கு பதில் சொல்றவங்களுக்கு, மஞ்சூர்ல இருந்து ஒரு திறந்த மடல்

வாட்ஸ்அப்லயும் டெலிகிராம்லயும் இன்னும் எங்கெங்கயோ உக்காந்து, ஊர் பேர் தெரியாதவங்களோட கம்ப்யூட்டர் பிரச்சனைக்கும் கோடிங் டவுட்டுக்கும் பதில் போட்டுட்டு இருக்கற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கமுங்க.

சண்டை போட எழுதலைங்க, முதல்லயே சொல்லிடறேன். பத்து பைசா வாங்காம, வேலை முடிச்சு வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எவனோ ஒருத்தனோட மங்கலான ஸ்க்ரீன்ஷாட்ட ஜூம் பண்ணி பாத்து பதில் சொல்றீங்க. இந்த மலைமேல எத்தனையோ பசங்க பிராக்டிகல்ல தேறுனது உங்களாலதான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அதே பதிலால வீணாப்போன டேட்டாவையும், அழிஞ்சுபோன ஃபைலையும், "எனக்கு இதெல்லாம் வராதுண்ணா"ன்னு ஒதுங்கிப்போன பசங்களையும் பக்கத்துல இருந்து பாக்கறவன் நான், அதனால மனசுல இருக்கறத கொட்டிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

நான் நீலகிரில குந்தா பக்கம் மஞ்சூர்ல இருக்கேன். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் அப்ளிகேஷன், சாயங்காலம் ஆனா பிளஸ் ஒன் பிளஸ் டூ பசங்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தர்றது, இதுதான் பொழப்பு. வர்ற பசங்கள்ல கொஞ்சம் பேர் ஹட்டில, அதான் படுகர் ஊர்ல, இருந்து வருவாங்க, கொஞ்சம் பேர் எஸ்டேட் லயன் வீட்ல இருந்து வருவாங்க. அம்மா காலைல கொழுந்து பறிக்கப் போனா சாயங்காலம்தான் வருவாங்க, வீட்ல கம்ப்யூட்டர் பத்தி கேக்க ஆளே கிடையாது. மெஷின் ரிப்பேர்னா ஊட்டிக்கோ குன்னூருக்கோ தூக்கிட்டுப் போகணும், பஸ் புடிச்சு போயிட்டு வர்றதுக்குள்ள ஒரு நாள் ஓடிப்போயிடும். அதனால பசங்களுக்கு போன்ல நீங்கதான் எல்லாம். நீங்க ஒரு வரி எழுதுனா அத அப்படியே வேதவாக்கா எடுத்துப்பாங்க. அதான் பயமா இருக்கு.

என்ன பிரச்சனைன்னா, நீங்க சொல்ற பதில்ல முக்கால்வாசி சரியான பதில்தான், ஆனா அது உங்க மெஷினுக்கு சரி. கேட்டவன்கிட்ட என்ன மெஷின் இருக்கு, நெட்டு எப்படி, கரண்டு எப்படின்னு ஒரு வார்த்தை கேக்காம பதில் வந்து விழுது. ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இதுல எல்லாமே இருக்கு.

பக்கத்து ஹட்டிப் பையன் ஒருத்தன், வீட்ல மாமா குடுத்த பழைய டெஸ்க்டாப். பிளஸ் டூல பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழில மேட்பிளாட்லிப் வெச்சு கிராஃப் போடற பாடம் இருக்கு இல்லையா, அதுக்கு பிப்ல (பைத்தானுக்கு வேண்டியத நெட்ல இருந்து இறக்கிப் போடற கமாண்டு) இன்ஸ்டால் பண்ணப் பாத்தா 'செர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு'ன்னு சிவப்பா நீளமா எர்ரர். ஒரு குரூப்ல போட்டான். முதல் பதில், பைத்தான அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போடு. ரெண்டாவது, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணு. மூணாவதா ஒருத்தர், ட்ரஸ்டட் ஹோஸ்ட்னு ஒரு ஆப்ஷன் சேத்து அடி, போயிடும்னாரு. போகும்தான், ஏன்னா அந்த ஆப்ஷன் செர்டிஃபிகேட் செக்கையே தூக்கிடும், யார்கிட்ட இருந்து ஃபைல் வருதுன்னு பாக்கற வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்பிட்டு கதவு திறந்துடுச்சுன்னு சந்தோஷப்படற மாதிரி. கடைசியா வழக்கமான ஆள் வந்தாரு, "ஃபார்மட் அடிச்சுடு ப்ரோ".

பையன் முதல் பதில கேட்டு பைத்தான எடுத்துட்டான். திரும்ப டவுன்லோட் பண்ணப் போனா சைட்டே திறக்கல, 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்'னு வருது. இப்ப இருந்ததும் போச்சு.

அப்புறம் ஒரு அக்கா வந்தாங்க, யாரு என்னன்னு தெரியாது, அவங்க பதிலே சொல்லல, ஒரு கேள்விதான் கேட்டாங்க. "தம்பி, ஸ்க்ரீன்ல கீழ வலது பக்கம் தேதி என்ன காட்டுது?" பாத்தா 2009 ஜனவரி. அடுத்த கேள்வி, "கரண்ட் போயிட்டு வந்த பிறகு மட்டும் இப்படி ஆகுதா?" ஆமாக்கா, நேத்து நைட்டு கரண்ட் இல்லன்னான். அவ்ளோதான், முடிஞ்சது. மதர்போர்டுல இருக்கற சிஆர் 2032 பேட்டரி செத்துப்போச்சு, காசு மாதிரி வட்டமா இருக்குமே அது, வாட்ச் கடைல கிடைக்கறது. அத மாத்துனான், தேதிய சரி பண்ணான், எல்லாம் ஓடிடுச்சு.

ஏன் இப்படின்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஒவ்வொரு சைட்டோட செர்டிஃபிகேட்டுக்கும், அதான் அதோட அடையாள அட்டைக்கும், இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு ஒரு கணக்கு இருக்கு. உங்க மெஷின் 2009ல வாழ்ந்துட்டு இருந்தா, இன்னிக்கு செல்லுற செர்டிஃபிகேட் அதுக்கு இன்னும் பொறக்கவே இல்ல. அதனால பிரவுசரும் ஒத்துக்காது, பிப்பும் ஒத்துக்காது. நெட்ல சேந்தா விண்டோஸ் தானா டைம சரி பண்ணிக்காதான்னு கேப்பீங்க. வீட்ல இருக்கற சாதாரண மெஷின்ல டிஃபால்ட் செட்டிங்படி, வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல போனா அது தானா திருத்தாது, நாமதான் கைல மாத்தணும். இன்னொண்ணு, பிளக்ல கரண்ட் இருக்கற வரைக்கும் டெஸ்க்டாப்ப ஷட் டவுன் பண்ணி வெச்சிருந்தாலும் ஸ்டாண்ட்பைல கொஞ்சம் கரண்ட் மதர்போர்டுக்குப் போயிட்டுதான் இருக்கும், கடிகாரம் அதுல ஓடிடும். மெயின் கரண்டே போனாதான் அந்த குட்டி பேட்டரி தேவைப்படும். அதனால மழை இல்லாத மாசத்துல இந்த நோய் வெளியவே தெரியாது. மழை ஆரம்பிச்சா தெரியும்.

எங்க பக்கம் மழைன்னா என்னன்னு உங்கள்ல பாதிப்பேருக்கு தெரியாது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சே. அந்த அளவுக்கு வருஷா வருஷம் இல்லன்னாலும் ஜூன்ல இருந்து காத்து ஆரம்பிச்சா மரம் சாயும், கம்பி அறும், கரண்ட் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. இதுல வேடிக்கை என்னன்னா பைக்காரால கரண்ட் எடுக்க ஆரம்பிச்சது 1932ல, அப்புறம் கனடா உதவியோட குந்தா திட்டம் வந்துச்சு, எங்க ஊரச் சுத்தி அணையும் பவர் ஹவுஸுமா இருக்கு, எங்க மலைத் தண்ணில சுத்துற டர்பைன்ல இருந்துதான் கீழ இருக்கற உங்களுக்கும் கரண்ட் வருது, நாங்க இங்க மெழுகுவத்தி ஏத்தி வெச்சுட்டு லேப்டாப் பேட்டரி பர்சன்டேஜ பாத்துட்டு இருப்போம். சரி அது வேற கதை, அதுக்கு எழுத வேண்டிய மடலே வேற.

நான் சொல்ல வந்தது, அந்த அக்கா ஒரு பெரிய மேதைன்னு இல்ல (இருக்கலாம்). அவங்க கேட்டாங்க, மத்தவங்க கேக்கல, அதான் வித்தியாசம். பெங்களூர்ல இன்வெர்ட்டர் போட்ட வீட்ல உக்காந்திருக்கறவங்களுக்கு கரண்ட் போறதும் பிப் எர்ரரும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம்னு தோணவே தோணாது, தப்பு சொல்லல, ஆனா எங்க இருக்க, என்ன மெஷின், எப்ப இருந்து இப்படின்னு மூணு வார்த்தை கேட்டா தன்னால வெளிய வந்துடும்.

அடுத்து டவுன்லோட். "அத இன்ஸ்டால் பண்ணிக்கோ"ன்னு ரொம்ப ஈஸியா சொல்லிடறீங்க. பைத்தான் இன்ஸ்டாலர் ரொம்ப சின்னது, முப்பது எம்பிக்கு முன்னப்பின்ன, அது பரவால்ல. ஆனா சி பிளஸ் பிளஸ் ஓட்டணும்னு கேட்டவன்கிட்ட விஷுவல் ஸ்டுடியோ முழுசா போடச் சொன்னா அது ஜிபி கணக்குல இழுக்கும். எங்க பசங்க ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வர்ற மொபைல் டேட்டாவ ஹாட்ஸ்பாட் போட்டு யூஸ் பண்றவங்க. அதுவும் சிக்னல் எந்தப் பாறை மேல ஏறுனா வரும்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும். பாதில கட்டாகி, திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிச்சு, அன்னிக்கு டேட்டா தீர்ந்து, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டு, அப்படியே அந்தப் பாடமே விட்டுப்போயிடும்.

பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்குல பதினாலாவது பாடம் இருக்கே, பைத்தான்ல இருந்து சி பிளஸ் பிளஸ் ப்ரோக்ராம கூப்பிட்டு ஓட்டறது, அதத் தொட்டா போதும், வருஷா வருஷம் அந்த சீசன்ல என் கடைல ஒரே புலம்பல். பைத்தான் ஃபைல் உள்ள இருந்து ஜி பிளஸ் பிளஸ்னு கம்பைலர (நாம எழுதுன கோட மெஷின் ஓட்டற மாதிரி மாத்திக் குடுக்கறது) கூப்பிடும். மெஷின் சொல்லும், 'ஜி பிளஸ் பிளஸ் இஸ் நாட் ரெகக்னைஸ்ட் அஸ் அன் இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்'. உடனே குரூப்ல ஒருத்தர் அந்த கம்பைலர் இருக்கற மின்ஜிடபிள்யூ டவுன்லோட் பண்ணும்பாரு, இன்னொருத்தர் அது பழசு எம்சிஸ்2 போடும்பாரு, மூணாவது ஆள் விண்டோஸே வேஸ்ட் லினக்ஸ் போடும்பாரு, அப்புறம் அவங்க மூணு பேரும் அவங்களுக்குள்ள சண்டை, கேள்வி கேட்ட பொண்ணு பாவம் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும்.

ஒருத்தராவது கேட்டீங்களா, "பிளஸ் ஒன்ல டெவ் சி பிளஸ் பிளஸ் போட்டியே, அது இன்னும் மெஷின்ல இருக்கா?" இருக்குமுங்க. சி பிளஸ் பிளஸ் எழுதி ஓட்டற சாஃப்ட்வேர் அது, எல்லார்கிட்டயும் இருக்கும், ஏன்னா பிளஸ் ஒன் புக்கே அதுலதான். அந்த டெவ் சி பிளஸ் பிளஸ் ஃபோல்டர் உள்ள மின்ஜிடபிள்யூ 64னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள பின்னு ஒரு ஃபோல்டர், அதுல ஜி பிளஸ் பிளஸ் சும்மா உக்காந்திருக்கு. ஒரு எம்பி கூட டவுன்லோட் வேண்டாம். அந்த ஃபோல்டரோட அட்ரஸ எடுத்து என்விரான்மெண்ட் வேரியபிள்ஸ்ல பாத் உள்ள (விண்டோஸ் ப்ரோக்ராம எங்கெங்க தேடணும்ங்கற லிஸ்ட் அது) சேத்துட்டு, திறந்து வெச்சிருக்கற கருப்பு விண்டோவ, அதான் கமாண்ட் ப்ராம்ப்ட்ட, மூடிட்டு புதுசா திறக்கணும். இந்தக் கடைசி விஷயத்த யாருமே சொல்றதில்ல, பழைய விண்டோவுக்கு புது பாத் தெரியாது, அதுலயே திரும்ப அடிச்சுப் பாத்துட்டு "அண்ணா நீங்க சொன்னதும் வேலை செய்யல"ன்னு வருவாங்க.

அதே பாடத்துல இன்னும் ரெண்டு குழி இருக்கு. புக்குல குடுத்த ப்ரோக்ராம் ஃபைல் பேர் கூட டாட் சிபிபிங்கறத அதுவே சேத்துக்கும், பசங்க கையால டாட் சிபிபி சேத்து அடிச்சா ரெண்டு டாட் சிபிபி ஆகி ஃபைலே இல்லன்னு சொல்லும். அடுத்து நோட்பேட்ல எழுதி சேவ் பண்ணா பின்னாடி டாட் டெக்ஸ்ட் ஒட்டிக்கும், ஆனா விண்டோஸ் எக்ஸ்டென்ஷன மறைச்சு வெச்சிருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. வியூல போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ டிக் பண்ணச் சொல்லுங்க, பாதி பிரச்சனை அங்கயே தெரிஞ்சுடும். இதெல்லாம் உங்களுக்கு கைவந்த கலை, எனக்குத் தெரியும், ஆனா கேட்டவன் புக்கோட எந்தப் பக்கத்துல நிக்கறான்னு தெரிஞ்சாதான் உங்களுக்கே ஞாபகம் வரும்.

பழைய கவர்மெண்ட் லேப்டாப் பத்தியும் சொல்லணும். 2011ல இருந்து பிளஸ் டூ பசங்களுக்கு குடுத்தாங்க இல்ல, அண்ணன் வாங்குனது, அக்கா வாங்குனது, இப்ப தம்பி கைல இருக்கு. பாஸ் லினக்ஸும் (நம்ம நாட்டு லினக்ஸ்) விண்டோஸும் சேந்து வந்த மெஷின். 2 ஜிபி ரேம்ல விண்டோஸ் 7 ஓடிட்டு இருக்கும் பாருங்க, அதுல புதுப் பைத்தான் போடப் போனா ஏறாது. சில சமயம் ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் (ப்ரோக்ராம் ஓட தேவைப்படற துணை ஃபைல்) மிஸ்ஸிங்னு எர்ரர் வரும். இதுக்கு ஒருத்தர், பேர் சொல்லல, ஒரு சைட் லிங்க் குடுத்து அந்த டிஎல்எல்ல மட்டும் எடுத்து சிஸ்டம் 32 உள்ள போடுன்னாரு. ஏங்க, யாரோ ஏத்தி வெச்ச டிஎல்எல்ல எடுத்து சிஸ்டம் ஃபோல்டர்ல போடறது எவ்ளோ ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியாதா? விஷயம் ரொம்ப சிம்பிள், பைத்தான் 3.9ல இருந்து விண்டோஸ் 7க்கு சப்போர்ட் கிடையாது. 3.8 வரிசைல கடைசியா இன்ஸ்டாலரோட வந்த 3.8.10ஐ போட்டா பள்ளிக்கூடப் பாடம் முழுக்க அதுல ஓடும். அது பழசு, செக்யூரிட்டி அப்டேட் 2024லயே நின்னுடுச்சுங்கறது உண்மை, அதையும் சேத்து சொல்லுங்க, பேங்க் வேலைய அந்த மெஷின்ல பாக்காதன்னு சொல்லுங்க. ஆனா "புது லேப்டாப் வாங்கிக்கோ"ங்கறது ஒரு பதிலே இல்ல. இப்ப விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, 11 போட டிபிஎம் 2.0னு ஒரு செக்யூரிட்டி சிப் கேக்குது, இன்னும் நிறைய பேர் இதே மாதிரி கேட்டுட்டு வருவாங்க, அவங்களுக்கு என்ன சொல்லலாம்னு இப்பவே யோசிச்சு வெச்சுக்குங்க.

டேட்டா இல்லாதவங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, ஏன் யாரும் சொல்றதில்லன்னு எனக்குப் புரியல. பிப்ல இன்ஸ்டால்ங்கற இடத்துல டவுன்லோட்னு போட்டா தேவையான ஃபைல் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல இறக்கி வெச்சுடும். அத பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய், நோ இன்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ்னு ரெண்டு ஆப்ஷன் குடுத்து இன்ஸ்டால் பண்ணா நெட்டே வேண்டாம். என் கடைல இப்ப இப்படித்தான் பண்றோம், ஒரு தடவ இறக்கி எத்தனை பேருக்கு வேணாலும். ஒண்ணே ஒண்ணு, இறக்கற மெஷினும் போடற மெஷினும் ஒரே பைத்தான் வெர்ஷனா இருக்கணும், 32 பிட்டா 64 பிட்டாங்கறதும் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா 'நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்'னு திட்டும். பெரிய ஃபைல்னா பென்டிரைவ் ஃபேட் 32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, பென்டிரைவ்ல இடம் இருக்கே இருக்கேன்னு பசங்க முழிப்பாங்க, எக்ஸ்ஃபேட்ல மாத்தச் சொல்லுங்க. சிக்னல் விட்டு விட்டு வர்ற இடத்துல இறக்குன ஃபைல் முழுசா வந்துச்சான்னு பாக்க செர்ட்யூடில்னு விண்டோஸ்லயே இருக்கு, அதுல ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) எடுத்து சைட்ல இருக்கறதோட ஒப்பிட்டா தெரிஞ்சுடும். "கரப்ட் ஆயிடுச்சு போல, திரும்ப இறக்கு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாக்கச் சொன்னா ஒரு நாள் டேட்டா மிச்சம்.

கோடு அனுப்பற விஷயத்துக்கு வரேன். நீங்க வாட்ஸ்அப்ல டைப் பண்ணி அனுப்பறீங்க, நல்ல மனசுதான். ஆனா போன் கீபோர்டு நேரா இருக்கற கொட்டேஷன வளைஞ்சதா மாத்திடும், சில சமயம் ரெண்டு ஹைஃபன சேத்து ஒரு நீளக் கோடா ஆக்கிடும், பைத்தானுக்கு உசுரே முன்னாடி விடற ஸ்பேஸ்லதான் இருக்கு, அதுவும் வழில எங்கயாச்சும் தொலைஞ்சுடும். பையன் அத காப்பி பண்ணி ஓட்டுனா 'இன்வேலிட் கேரக்டர்'னு வரும், இல்ல இன்டென்டேஷன் எர்ரர். "நான் அனுப்புனது கரெக்ட்தான், நீ தப்பா போட்டிருப்ப"ன்னு நீங்க சொல்வீங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. ஃபைலாவே அனுப்பிடுங்க, டாட் பைனு, டாக்குமெண்ட்டா. இதே மாதிரி பசங்களும் எர்ரர போட்டோ புடிச்சு அனுப்பறத விட்டுட்டு எழுத்தா அனுப்பணும், அத நான் இங்க தலைல கொட்டி சொல்லிட்டுத்தான் இருக்கேன். அப்புறம் டர்ட்டில் (பைத்தான்ல படம் வரையற பகுதி) பாடம் பண்றவன் தன் ஃபைலுக்கே டர்ட்டில்னு பேர் வெச்சுட்டு டர்ட்டில் வேலை செய்யலன்னு வந்தா சிரிக்காதீங்க, உலகம் பூரா எல்லாரும் விழற குழிதான் அது, தன் ஃபோல்டர்ல இருக்கற ஃபைலத்தான் பைத்தான் முதல்ல எடுக்கும்னு சொல்லிக் குடுத்தா அடுத்த தடவ ரேண்டம்னு பேர் வெக்க மாட்டான்.

தமிழ்ல ப்ரோக்ராம் ஓட்டிப் பாக்கற பசங்க நிறைய பேர் இருக்காங்க, தன் பேர தமிழ்ல ஒரு ஃபைல்ல எழுதணும்னு ஆசை. 'சார்மேப் கோடெக் கேன்ட் என்கோட்'னு வந்தா "தமிழ்லாம் சப்போர்ட் பண்ணாது, இங்கிலீஷ்ல அடி"ன்னு சொல்லாதீங்க, தயவு செஞ்சு. ஃபைல ஓப்பன் பண்ற இடத்துல என்கோடிங் யூடிஎஃப் 8னு ஒரு வார்த்தை சேத்தா போதும். எக்செல்ல திறந்தா குப்பையா தெரியுதுன்னா யூடிஎஃப் 8 சிக்னு போடணும். அஞ்சு நிமிஷ வேலைக்கு ஒருத்தன் தாய்மொழிய ஓரங்கட்ட வேண்டாம்.

இப்ப கொஞ்சம் கோவமா சொல்ல வேண்டியது. எனிடெஸ்க் (தூரத்துல இருந்தே அடுத்தவங்க மெஷின இயக்கற ஆப்) போடு, நம்பர் சொல்லு, நானே உள்ள வந்து சரி பண்றேன்னு சொல்றவங்க. உங்கள்ல பெரும்பாலானவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க, எனக்குத் தெரியும், டைப் பண்ணி விளக்கறத விட அது சுலபம். ஆனா முகம் தெரியாத ஆளுக்கு மெஷின திறந்து விடறது சாதாரணம்னு பதினேழு வயசுப் பையனுக்கு நீங்க பழக்கி விட்டீங்கன்னா, நாளைக்கு பேங்க்ல இருந்து பேசறேன்னு எவனாவது கூப்பிட்டா அவன் அப்பா போன்லயும் அதே ஆப்ப போட்டுக் குடுத்துடுவான். பச்சைத் தேயிலை போட்ட காசு அந்த ஒரு அக்கவுண்ட்லதான் இருக்கும். பணம் போச்சுன்னா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணணும்னு நான் கடைல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், ஆனா அது போன பிறகு பண்றது. உள்ள வந்தே ஆகணும்னா, வீட்ல பெரியவங்க பக்கத்துல இருக்கட்டும், முடிஞ்ச உடனே ஆப்ப எடுத்துடுன்னு நீங்களே சொல்லுங்க. கிராக் விண்டோஸுக்கு ஆக்டிவேட்டர் லிங்க் அனுப்பி "டிஃபெண்டர ஆஃப் பண்ணிட்டு ஓட்டு"ங்கறவங்களுக்கு நான் எதுவும் சொல்ல விரும்பல, சொன்னா கெட்ட வார்த்தை வந்துடும்.

ஃபார்மட் ஆசாமிங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஒரு வீட்ல அக்காவோட பி.எட். ரெக்கார்ட் மொத்தமும் டி டிரைவ்ல இருந்துச்சு, தம்பி உங்க பேச்ச கேட்டு பார்ட்டிஷன எல்லாம் டிலீட் பண்ணி ஒண்ணாக்கிட்டான். பிரிண்டர் வேலை செய்யலன்னு கேட்டதுக்கு வந்த பதில் அது, சாமி சத்தியமா. ஃபார்மட் அடிச்சா பிரச்சனை போகும்தான், என்ன பிரச்சனைன்னும் யாருக்கும் தெரியாமலே போயிடும். சொல்லித்தான் ஆகணும்னா பேக்கப் எடுத்தியான்னு முதல்ல கேளுங்க, எடுத்தேன்னு சொன்னா எதுல எடுத்தன்னு கேளுங்க, அதே டிஸ்க்ல வேற ஃபோல்டர்லன்னு பதில் வரும் பாருங்க.

இன்னொரு புது வியாதி. கேள்விய அப்படியே ஏஐல போட்டு, வந்தத அப்படியே இங்க ஒட்டறது. அத பையனே பண்ணிக்குவானே, அவன் போன்லயும் அது இருக்கே. அது சொன்னது அவன் மெஷின்ல நடக்கலன்னுதான உங்ககிட்ட வந்திருக்கான். ஓட்டிப் பாத்துட்டு அனுப்புனா சந்தோஷம், ஓட்டிப் பாக்கலன்னா ஓட்டிப் பாக்கலன்னு ஒரு வரி போட்டுடுங்க.

பொண்ணுங்க விஷயம் தனியா சொல்லணும். என்கிட்ட படிக்கற பொண்ணுங்க நிறைய பேர் அண்ணன் நம்பர்ல இருந்துதான் டவுட் கேக்கறாங்க, பேரும் அண்ணன் பேர்தான். ஏன்னு கேட்டா, பொண்ணு பேர்ல கேட்டா பதில் குரூப்ல வராதாம், இன்பாக்ஸ்ல வருமாம், ஹாய்னு வருமாம், சாப்டியான்னு வருமாம். நீங்க எல்லாரும் அப்படி இல்ல. ஆனா அப்படி ஒருத்தர் பண்றப்ப அட்மின் உட்பட எல்லாரும் சும்மா இருக்கீங்க பாத்தீங்களா. குரூப்ல கேட்ட கேள்விக்கு குரூப்லதான் பதில்னு ஒரு ரூல் போட்டா போதும், அடுத்து அதே எர்ரரோட வர்றவனுக்கும் அது உபயோகமா இருக்கும்.

"இது கூடத் தெரியாதா", "கூகுள் பண்ணத் தெரியாதா"ங்கறத பத்தி நான் அதிகம் பேசப் போறதில்ல, எல்லாரும் பேசிட்டாங்க. கூகுள் பண்ண என்ன வார்த்தை போடணும்னு தெரிஞ்சா பாதி ப்ரோக்ராமர் ஆயிட்டான்னு அர்த்தம், அது தெரியாமத்தான் வந்திருக்கான். அந்த வார்த்தைய மட்டும் எடுத்துக் குடுங்க, மீதிய அவனே தேடிக்குவான், எங்க பசங்க அவ்ளோ சோம்பேறி இல்ல.

எங்க பக்கத்துல இருந்து நாங்க என்ன பண்றோம்னா, கடைல ஒரு பேப்பர் அடிச்சு வெச்சிருக்கேன், டவுட் கேக்கறதுக்கு முன்னாடி அத பாத்து எழுதிட்டுத்தான் போன எடுக்கணும். என்ன விண்டோஸ், எத்தனை பிட், ரேம் எவ்வளவு, பைத்தான் வெர்ஷன், என்ன பண்ணப் போனே, எந்த வரி அடிச்சே, எர்ரரோட கடைசி வரி எழுத்துல, கடைசியா எப்ப ஒழுங்கா ஓடுச்சு, நடுவுல கரண்ட் போச்சா, இன்னிக்கு மிச்ச டேட்டா எவ்வளவு. இதுல கரண்ட் பத்தின கேள்வி அந்த அக்கா புண்ணியத்துல சேந்தது. இத எழுத உக்காந்தாலே சில பேருக்கு பதில் தானா கிடைச்சுடுது, பேப்பர மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு "பரவால்லண்ணா, கண்டுபுடிச்சுட்டேன்"னு போயிடறாங்க. இந்த ஃபார்மட்ல எங்க பசங்ககிட்ட இருந்து கேள்வி வந்தா நீளமா இருக்கேன்னு தாண்டிப் போயிடாதீங்க, உங்க நேரத்த மிச்சப்படுத்தத்தான் அவ்ளோ எழுதியிருப்பாங்க.

பிப்ரவரி வந்தா பிராக்டிகல். அதுக்கு முந்தின வாரம் உங்க குரூப் எல்லாத்துலயும் மஞ்சூர், எமரால்டு, கூடலூர், கோத்தகிரின்னு கேள்வி குவியும், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அப்புறம் ஒரு உதவி, இதுக்கும் மேல இருக்கற எதுக்கும் சம்பந்தம் இல்ல. உங்க வீட்ல பழைய லேப்டாப்ல இருந்து கழட்டுன டிடிஆர் 3 ரேம், 2 ஜிபியோ 4 ஜிபியோ, டிராயர்ல சும்மா கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்டிக்கர்ல பிசி3எல்னு போட்டிருந்தா ரொம்ப நல்லது, அது பெரும்பாலும் ரெண்டு வோல்டேஜ்லயும் ஓடும், வெறும் பிசி3ன்னாலும் பரவால்ல, பழைய மெஷினுக்கு ஆகும். தங்கக் கலர் பல்லு கருத்துப்போயிருந்தாலும் அனுப்புங்க, பென்சில் ரப்பர் வெச்சு துடைச்சுக்கறோம். கூரியர் காசு நாங்க குடுத்துடறோம்.

இப்படிக்கு,
மஞ்சூர் ஜெராக்ஸ் கடைக்காரன்